பெயர் யாருடைய மூலதனம்?

கட்சிக் கூட்டங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் அண்மைக் காலமாக ஒரு வாதம் திரும்பத் திரும்ப எழுகிறது. காலம் மாறிவிட்டது, லயம் லயமாக ஏறி இறங்கும் வேலை இனிப் பயன் தராது, ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் அலைபேசி இருக்கிறது, வலைத்தளங்களில் நமக்கென்று ஒரு பெயரை உருவாக்கிக்கொண்டால் மக்கள் தாமாகவே வந்து சேர்வார்கள் என்பது அந்த வாதம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இளம் தோழர்கள். இயக்கம் சுருங்குவதைக் கண்டு மனம் வருந்துபவர்கள். அவர்களை ஏளனம் செய்து வாயடைக்கச் செய்வது தவறு. ஆனால் அவர்கள் பேசும் மொழியை ஆராயாமல் விடுவதும் தவறு. பிம்பம், ரீச், ஃபாலோயர், நெட்வொர்க் என்ற சொற்கள் எந்த வர்க்கத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்து நம் கிளைக் கூட்டங்களுக்குள் நுழைந்தன என்று கேட்டாக வேண்டும்.

இவ்வாதத்தை முன்வைப்போர் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் மூணாறைத்தான். ஆகவே மூணாறிலிருந்தே தொடங்குவோம்.

2015 செப்டம்பர் முதல் வாரத்தில், கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு நகருக்கு இறங்கி வந்தார்கள். அவ்வாண்டு போனஸ் 10 சதவீதம்தான் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. 20 சதவீதம் வேண்டும் என்றார்கள் அவர்கள். அன்று நாட்கூலி 232 ரூபாய். அதை 500 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றார்கள். கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். எந்தக் கொடியும் பிடிக்கவில்லை. பொம்பளை என்ற தமிழ்ப் பேச்சு வழக்கையும் ஒருமை என்ற மலையாளச் சொல்லையும் சேர்த்து ஒரு பெயர் பிறந்தது: பெம்பிளை ஒருமை. தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின; வலைத்தளங்கள் அப்பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. ஒன்பது நாட்களில், செப்டம்பர் 13 அன்று, உம்மன் சாண்டி அரசு முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. ஆக 20 சதவீதம். (உழைப்பின் பங்கில் பாதிக்கு மேல் 'கருணை' என்று பெயரிட்டே தந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கொடுக்கும்போதும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முதலாளிக்குத் தெரியும்.)

அப்போராட்டம் யாரை எதிர்த்தது? நிறுவனத்தை மட்டுமா? இல்லை. ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி ஆகிய மூன்று சங்கங்களின் அலுவலகங்கள் முன்பும் நின்று அப்பெண்கள் முழக்கமிட்டார்கள். கூடை சுமப்பது நாங்கள், பணப்பை சுமப்பது நீங்களா என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய கேள்வி, நிர்வாகத்தை நோக்கி மட்டும் எழுப்பப்பட்டதன்று. சங்கத் தலைவர்கள் நிறுவனத்திடம் சலுகை பெறுகிறார்கள், வீடும் உறவினருக்கு வேலையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர்களின் வெளிப்படையான குற்றச்சாட்டு. ஆறுதல் கூறச் சென்ற அரசியல் தலைவர்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வி.எஸ். அச்சுதானந்தன் சென்றபோது மட்டும் அவரைத் தம்மிடையே அமர்த்திக்கொண்டார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 92 வயதை எட்டவிருந்த ஒரு தலைவர் சாலையோரம் அமர்ந்த பெண்களிடம் பெற்ற மதிப்பு எந்தப் பக்கத்தில் எத்தனைபேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள் என்பதால் வந்ததன்று. குட்டநாட்டு வயல்களில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய நாட்களிலிருந்து சேர்ந்து வந்த மதிப்பு அது. அதே சாலையில், அதே கொடியின் கீழ் நின்ற வேறு சிலருக்கு அது கிடைக்கவில்லை. ஆக, தொழிலாளர்கள் கொடியை வெறுத்தார்கள் என்று முடிவுகட்டுவதும் பொய். கொடி இருந்தால் போதும் என்று நினைப்பதும் பொய்.

இனி, வலைத்தளங்கள்தான் மூணாறை வெல்ல வைத்தன என்ற கூற்றுக்கு வருவோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அதன்பின் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இப்பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்பவர்கள். ஒரே மஸ்டரில் விடியற்காலையில் நின்று, ஒரே மலைச்சரிவில் வரிசை பிடித்துக் கொழுந்து பறிப்பவர்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகள் படிப்பை நிறுத்தினாள், எந்தத் தலைவர் யாரிடம் என்ன வாங்கினார் என்பதெல்லாம் அந்த வரிசையில் பேசித் தீர்ந்த விஷயங்கள். ஒரு நாள் காலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சொல்லில் வேலையை நிறுத்த முடிந்ததென்றால், அந்தச் சொல்லைச் சுமந்தது கொழுந்துக் கூடைக்கும் கூடைக்கும் இடையிலான பேச்சு. தொலைக்காட்சி வந்தது அவர்கள் சாலையில் அமர்ந்த பிறகு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வலைத்தளப் பக்தர்கள் விரும்புவதில்லை. கூலி உயர்வுக்கான இரண்டாம் கட்டப் போராட்டத்தில் சங்கங்களும் இறங்கின. அக்டோபரில் தோட்டத் தொழிலாளர் குழு 301 ரூபாய் என்று முடிவு செய்தது. 500 கேட்டவர்களுக்கு 301. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை ஒன்றிய ஊராட்சியில் ஓரிடத்தையும் கிராம ஊராட்சியில் இரு வார்டுகளையும் வென்றது, சிறிய சாதனையன்று. ஆனால் விரைவிலேயே தலைமைக்குள் பிளவு வந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் அவ்வமைப்பின் வேட்பாளர் பெற்றது சில நூறு வாக்குகள்தாம். நாடே அறிந்த பெயர். ஆனால் கூலிப் பேச்சில் உட்கார்ந்து, அடுத்த ஒப்பந்தம் வரை கணக்கை விடாமல் பார்க்கும் அமைப்பு இல்லை. கேமராக்கள் மலையிறங்கிவிட்டன. அவை மீண்டும் மலையேறியது 2017 ஏப்ரலில். அமைச்சராக இருந்த எம்.எம். மணி அப்பெண்களைப் பற்றிப் பேசிய இழிவான பேச்சு வெளிவந்தபோது. அப்பேச்சுக்காக அவரைக் கட்சியின் மாநிலக்குழு பகிரங்கமாகக் கண்டித்தது, கண்டித்திருக்கவே வேண்டும். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒழுகும் லயக் கூரைக்காக வராத கேமரா, அப்பெண்களின் மானம் சந்திக்கு வந்ததும் ஓடி வந்தது. உழைக்கும் பெண்ணின் பெயர் விற்பனையாவது அது இழிவுபடுத்தப்படும்போதுதான்.

மூணாறில் பெயரை மூலதனமாக்கத் தெரிந்தது ஒரே தரப்புக்குத்தான், அது நிறுவனம். 2005இல் டாடா டீ தன் மூணாறுத் தோட்டங்களைப் புதிய நிறுவனத்தின் கையில் ஒப்படைத்தபோது, பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்கள், தொழிலாளர்கள் பெயரில் எழுதப்பட்டது. தொழிலாளர்களே உரிமையாளர்கள் என்ற புகழ் உலகெங்கும் பரவியது; மேலாண்மைப் படிப்புகளில் பாராட்டப்பட்டது. அந்த 'உரிமையாளர்கள்'தாம் பத்தாண்டு கழித்து 232 ரூபாய் கூலியோடு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஓய்வு பெற்றதும் லயத்தை விட்டு வெளியேற வேண்டியவர்கள், சொந்தமாக ஒரு செண்ட் நிலம் இல்லாதவர்கள், ஏட்டில் உரிமையாளர்கள்!

மூலதனம் என்ற சொல்லின் மோசடி

பெயர், நம்பிக்கை, உறவு, செல்வாக்கு ஆகியவற்றையெல்லாம் 'சமூக மூலதனம்' என்று அழைக்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1980களில் இதைப் பயன்படுத்தியபோது அதற்கு ஒரு கூர்மை இருந்தது: வசதி படைத்தவர்களின் பிள்ளைகள் தகுதியால் மட்டும் உயர்வதில்லை, தகப்பனின் தொடர்புகளாலும் உயர்கிறார்கள் என்பதை அவர் அம்பலப்படுத்தினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன், ராபர்ட் பட்னம் ஆகியோரின் கைக்கு வந்ததும் அக்கூர்மை மழுங்கியது. சங்கம், குழு, அண்டை வீட்டாரின் நம்பிக்கை எல்லாம் எந்த வர்க்கத்துக்கும் பொதுவான ஒரு சொத்தாக வருணிக்கப்பட்டன. 1990களில் உலக வங்கி அதைக் கையிலெடுத்தது. மக்கள் ஏழைகளாக இருப்பது நிலம் இல்லாததாலும் கூலி குறைவாக இருப்பதாலும் அன்று. அவர்களிடையே நம்பிக்கையும் தொடர்பும் போதவில்லை என்று அதற்குப் பொருளாயிற்று. அரசு பின்வாங்கலாம், மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளட்டும். தாராளமயத்துக்கு இதைவிட வசதியான கோட்பாடு வேறெது?

கேரளத்தையே சமூக மூலதனத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியவர்களும் உண்டு. ஆனால் 1996இல் பாட்ரிக் ஹெல்லர் என்ற ஆய்வாளர் கேரளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, அந்த ஒத்துழைப்பு வானத்திலிருந்து விழவில்லை, வர்க்கத் திரட்டலும் அதற்குப் பணிந்த அரசின் தலையீடும் அதை உருவாக்கின என்று காட்டியது. உலக வங்கியின் மொழியில் எழுதியவர்களே மறுக்க முடியாத உண்மை இது. குத்தகை விவசாயிகள் நிலத்துக்காகப் போராடியதால், தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைக்காக அடிபட்டதால் கிராமத்தில் ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கம் வந்தது. காரணத்தை வெட்டியெறிந்துவிட்டு விளைவை மட்டும் மூலதனம் என்று கூறுவது அறிவு நேர்மையன்று.

மூலதனம் என்பது ஒரு பொருளன்று, மனிதர்களுக்கிடையிலான ஓர் உறவு என்பதை மார்க்ஸ் நமக்குக் கற்பித்தார். தையல்காரியின் வீட்டிலிருக்கும் தையல் எந்திரம் மூலதனமன்று. திருப்பூர் ஆலையில் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டும்போது அதே எந்திரம் மூலதனமாகிறது. பெயருக்கும் இதுவே பொருந்தும். லயத்தில் ஒரு மூதாட்டிக்கு இருக்கும் நல்ல பெயர் அவளுக்கு ஆபத்தில் உதவும். அதை முதலீடு செய்து இலாபம் ஈட்ட முடியாது. அவளுடைய பெயரும் தொடர்பும் வேறொருவர் கையில் குவிந்து, அவர் அதை விற்கத் தொடங்கும்போதுதான் அது மூலதனம். சமூக வலைத்தள நிறுவனங்கள் செய்வது இதைத்தான். கோடிக்கணக்கானோரின் உறவையும் சண்டையையும் துக்கத்தையும் தம் கணினிகளில் சேர்த்து விளம்பரதாரருக்கு விற்கின்றன. நம் பக்கத்தை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அந்த ஆயிரம் பேரின் பட்டியல் நம்முடையதன்று. யாருக்கு நம் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்வது நாமன்று. ஒரே இரவில் பக்கத்தை மூடினால் முறையிட முகவரிகூட இல்லை. வாடகை நிலத்தில் வீடு கட்டிவிட்டு நிலவுடைமையாளர் ஆனதாக எண்ணும் மயக்கத்திலிருந்து தோழர்கள் விடுபட வேண்டும்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்றே சொல்வார்கள். நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து வராவிட்டால் அன்று 'அரைப்பேர்'தான். பெயரைப் பதிவேட்டில் பாதியாக வெட்டினால் கூலியும் பாதி. துரையின் செக்ரோல் புத்தகத்தில் அன்று நடந்தது, இன்று உணவு கொண்டுசெல்லும் இளைஞனின் அலைபேசியில் நடக்கிறது. தோட்டத்தில் வேலை வேண்டாமென்று மலையிறங்கி, கொச்சியிலும் கோவையிலும் இருசக்கர வண்டியில் அலையும் நம் பிள்ளைகளுக்கு வாடிக்கையாளர் போடும் நட்சத்திரம்தான் 'பேர்'. நட்சத்திரம் குறைந்தால் அழைப்பு குறையும். இன்னும் குறைந்தால் கணக்கே முடக்கப்படும். அதற்கு விளக்கம் கேட்க மேலாளர் என்று ஒரு மனிதர் இல்லை. கங்காணியிடமாவது சண்டை போடலாம்.

அடமானத்தில் மானம்

பெயர் எப்படி அடுத்தவர் சொத்தாகிறது என்பதற்கு இணையக் கடன் செயலிகளைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு நிலப்பத்திரம் கேட்பதில்லை, தங்கம் கேட்பதில்லை. அலைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். தவணை தவறிய மறுநாள் உறவினர், ஆசிரியர், முதலாளி, மருமகன் வீட்டார் எல்லோருக்கும் அவதூறு போகிறது; திரிக்கப்பட்ட படங்களும் போகின்றன. நாடெங்கும் பலர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. சட்டவிரோதச் செயலிகளுக்கு வழிகாட்டு நெறி எதற்கு?

இதன் மூத்த சகோதரிதான் நுண்கடன். பாலக்காடு எல்லைக் கிராமங்களில் வாரத் தவணை வசூலிக்க வருபவர் எந்த ஆயுதமும் கொண்டு வருவதில்லை. பத்துப் பெண்கள் கொண்ட குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் ஒன்பது பேரும் அவள் வாசலில் உட்கார வேண்டும். அடியாள் வேலையை அண்டை வீட்டாரே செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் துணையாக இருந்த நம்பிக்கையை வசூல் எந்திரமாக மாற்றியதைத்தான் வளர்ச்சி நிபுணர்கள் சமூக மூலதனத்தின் வெற்றி என்று பாராட்டினார்கள். அடமானம் என்ற சொல்லுக்குள் மானம் இருப்பதை இவர்கள்தாம் முழுமையாகப் பயன்படுத்தினார்கள்.

திருடன் என்ற பெயர்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயோடு கேமராவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அட்டப்பாடி காட்டியது. 2018 பிப்ரவரி 22 அன்று, மது என்ற ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துக் கைகளைக் கட்டி முக்காலிக்கு நடத்தி வந்தது ஒரு கூட்டம். மனநலம் குன்றி, ஊரை விட்டு விலகிக் காட்டுக் குகையில் வாழ்ந்தவர் அவர். கடைகளில் அரிசியும் உணவுப் பொருளும் திருடினார் என்பது குற்றச்சாட்டு. அடித்தவர்கள் அவரோடு நின்று தற்படம் எடுத்தார்கள், காட்சிகளைப் பகிர்ந்தார்கள். காவல்துறை வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் மது இறந்தார்.

அந்தப் படத்தை எடுத்தவர் வெட்கப்பட்டு எடுக்கவில்லை. திருடனைப் பிடித்தவர் என்ற பெயர் தனக்குக் கிடைக்கும் என்று நம்பி எடுத்தார். ஒருவருக்கு நற்பெயர் சேர்க்க இன்னொருவரின் உயிர் பின்னணிக் காட்சியானது. பின்னர் அப்படங்களே அவர்களுக்கு எதிரான சான்றாகின என்பது உண்மை. தொழில்நுட்பத்தின் இந்தப் பக்கத்தையும் மறுக்கவில்லை. ஆனால் வழக்கு நடந்த விதத்தைப் பாருங்கள். விசாரணை தொடங்கவே ஆண்டுகள் ஆயின. சாட்சிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் பிறழ்ந்தனர். ஊரில் யாருக்குச் செல்வாக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதை நீதிமன்றக் கூண்டில் ஒவ்வொரு சாட்சியும் பேச்சை மாற்றியபோது கண்டோம். பூர்தியூ சொன்ன பழைய பொருளில் சமூக மூலதனம் என்றால் இதுதான். மதுவின் தாயும் சகோதரியும் விடாப்பிடியாக நின்றதால்தான் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல்.

சாதியச் சமூகத்தில் பெயர் பிறக்கும்போதே பங்கிடப்பட்டுவிடுகிறது. 2017இல் முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தமிழ் பேசும் அருந்ததிய மக்கள் தீண்டாமைக் கொடுமையைப் பற்றிப் புகார் எழுப்பியபோது, ஊருக்குக் கெட்ட பெயர் வருகிறதே என்று கவலைப்பட்டவர்களே அதிகம். நம்மவர்களிலும் அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். 2024 ஜூனில், அமைச்சர் பொறுப்பிலிருந்து விலகும் வேளையில், கே. ராதாகிருஷ்ணன் அரசு ஆவணங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் குடியிருப்புகளைக் 'காலனி' என்று குறிப்பிடுவதை நிறுத்த ஆணையிட்டார். அச்சொல் கேட்பவரைத் தாழ்வாக உணரச் செய்கிறது என்றார். சரியான ஆணை, வரவேற்க வேண்டிய ஆணை. பலகையை மாற்றிய இடங்களில் குடிநீர்க் குழாயும் பட்டாவும் வந்தனவா என்று பார்க்கும் வேலை அந்தந்தக் கிளைக்கு உரியது.

பெயரைச் சட்டத்தால் காக்கலாம் என்று எண்ணி நாமும் ஒருமுறை சறுக்கினோம். 2020 நவம்பரில் இடது ஜனநாயக முன்னணி அரசு காவல்துறைச் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்த்து அவசரச் சட்டம் கொண்டு வந்தது. எந்த ஊடகத்தின் வழியாகவும் ஒருவரை அவதூறு செய்தால் மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பெண்கள் மீதான இணையத் தாக்குதல்களைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அத்தாக்குதல்கள் உண்மையானவை, கொடியவை. ஆனால் காவல் நிலையத்தில் யாருடைய மானம் முதலில் பதிவாகும் என்று நமக்குத் தெரியாதா? மதுவின் பெயரைக் காக்க எந்தப் பிரிவும் ஓடி வரவில்லை. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அகில இந்தியத் தலைமையும் தலையிட்டது. சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதை நம் பலவீனமாகக் காட்டினார்கள் எதிரிகள். ஒன்றிய ஆட்சியாளர்கள் தம்மை விமர்சித்தவர்கள் மீது போட்ட வழக்குகளில் எத்தனையைத் திரும்பப் பெற்றார்கள் என்று அவர்களிடம் கேட்போம்.

எந்தப் பெயர் நமக்கு வேண்டும்?

அலைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பொய்யை உற்பத்தி செய்வதற்கென்றே ஆட்களை அமர்த்தியிருக்கும் வகுப்புவாத சக்திகளுக்கு அந்தக் களத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அங்கே பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கிளைச் செயலாளரின் அறிக்கையில் எத்தனைபேர் பார்த்தார்கள், எத்தனைபேர் விரும்பினார்கள் என்பது கட்சி வேலையாக இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. ஒரு தலைவரின் தனிப் பக்கம் கட்சியின் பக்கத்தைவிடப் பெரிதாக வளர்வதைப் பெருமையாகப் பேசுகிறோம். கூட்டுத் தலைமை என்று ஒருபுறம் தீர்மானம் எழுதிவிட்டு, மறுபுறம் ஒவ்வொருவரும் தன் முகத்தை முதலீடு செய்துகொண்டிருந்தால் அது எந்த வர்க்கத்தின் பழக்கம்?

சங்கம் பெயரிழந்தது வலைத்தளத்தில் இல்லாததால் அன்று. போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கைத் தொழிலாளர்கள் முன் வைத்து விளக்கவும் எதிர்க்கவும் ஆள் இல்லாததால் பெயரிழந்தது. மேடையில் ஆண்களே அமர்ந்திருந்து, கீழே கூடையோடு பெண்கள் நின்றதால் இழந்தது. கூலி ஒப்பந்தம் கையெழுத்தானால் அதன் ஒவ்வொரு விதியையும் தமிழில் எழுதி மஸ்டரில் உரக்கப் படிக்கட்டும். அதே தாளைப் படமெடுத்து அலைபேசியில் அனுப்பட்டும். அதற்கு அலைபேசி மிக நல்ல கருவி. கொழுந்து நிறுக்குமிடத்தில் தராசுப் பக்கம் நிற்கச் சங்கத்தின் பெண் ஒருத்தி இருக்கட்டும். தலைவர்களின் சொத்து விவரமும் நிறுவனத்திடமிருந்து பெறும் வசதிகளும் உறுப்பினர்கள் முன் ஆண்டுக்கொருமுறை வைக்கப்படட்டும். கடன் செயலியின் மிரட்டல் வந்த வீட்டுக்கு அன்று மாலையே நான்கு தோழர்கள் போய் உட்காரட்டும். நுண்கடன்காரர் ஒன்பது பெண்களை உட்கார வைக்கிறாரே, நாம் நான்கு பேர் போக முடியாதா?

வலையமைப்பு இல்லாத காலத்தில் எல்லைப்புற மக்கள் உலகப் பெயர் எடுத்த கதை ஒன்று நம் பாலக்காட்டிலேயே இருக்கிறது. சித்தூர் தாலுகா, பெருமாட்டி ஊராட்சி, பிளாச்சிமடை. 2000ஆம் ஆண்டில் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் குடிக்க முடியாததாயிற்று. உரம் என்று விவசாயிகளுக்கு ஆலை கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003இல் பிபிசி வானொலி வெளிப்படுத்தியது. 2002 ஏப்ரல் 22 முதல் ஆலை வாசலில் பந்தல் போட்டு அமர்ந்தவர்கள் தமிழ் கலந்து பேசும் இரவாளர், மலசர் ஆதிவாசிகள். முன்னின்றவர்களில் ஒருவர் மயிலம்மா. பெரிய கட்சிகள் தாமதமாகவே அப்பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தன. நாமும் அதில் விதிவிலக்கு இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பந்தலும் ஒரு கிணற்றுத் தண்ணீரும். எதிரியிடம் இருந்தது உலகின் மிக விலையுயர்ந்த வணிகப் பெயர்களில் ஒன்று. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, இன்றுவரை இயங்கவில்லை. நாள்தோறும் பந்தலில் ஆள் மாறி ஆள் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டம் அது. ஒன்பது நாளில் புகழ்பெற்று ஓராண்டில் கலையவில்லை.

ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 2010இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில், இடது முன்னணி ஆட்சிக் காலத்தில், சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லிக்குப் போன அம்மசோதா ஒப்புதல் பெறாமலே திரும்பி வந்தது. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லிக் கட்டுரை எழுதாத சூழலியல் இதழ் இல்லை. அவரோடு பந்தலில் அமர்ந்தவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு இன்னும் வந்து சேரவில்லை. சித்தூர் பகுதித் தோழர்களின் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 216 கோடியைத்தான்.